பூஞ்சணம் பிடிக்கும் தீவகம்

புலம்பெயர்ந்த தீவகத்தவர் பலரது வீடுகளில், நிலவறையிலோ அலுமாரியின் மேல்தட்டிலோ, ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் பழைய வீடியோ கசெற்றுகள். கேட்டால், "எல்லாம் பத்திரமாக இருக்கிறது" என்பார்கள். பத்திரமாக எதுவும் இல்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கும், கசந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இளையவர்களுக்காகச் சிறிது பின்கதை. இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982இல் வந்தது. இந்தியாவைப் போலவே இலங்கையும் 'பால்' எனும் ஒளிபரப்பு முறையைக் கைக்கொண்டது. படம் ஒன்றுக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள் என்பது அதன் கணக்கு. வட அமெரிக்காவின் 'என்.ரி.எஸ்.சி' முறையில் 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். பிரான்ஸ் 625 கோடுகளை ஏற்றுக்கொண்டு, நிறத்தை மட்டும் 'செக்காம்' எனும் தனிவழியில் அனுப்பியது. மின்சாரம் நொடிக்கு 50 சுற்றா, 60 சுற்றா என்பதில் தொடங்கிய பிரிவு, நாடுகளின் தன்மானமாகவும் வணிகப் போட்டியாகவும் வளர்ந்தது.

அந்தப் போட்டியின் விலையை நம்மவரும் கொடுத்தார்கள். ஊர்காவற்றுறையிலோ புங்குடுதீவிலோ நடந்த கலியாணத்தின் கசெற் லண்டனுக்குப் போனால் அப்படியே ஓடியது. பிரித்தானியாவும் 'பால்' நாடு. பாரிசில் 'செக்காம்' மட்டுமே அறிந்த பெட்டியில் போட்டால் கூறைச்சேலை சாம்பல் நிறமானது. ரொறன்ரோவில் படம் நிலைகொள்ளாமல் உருண்டோடியது. ஆகவே கனடாவில் இருந்தவர்கள் கசெற்றைக் கடையில் கொடுத்து மாற்றுப் பிரதி எடுத்தார்கள்.

அந்த மாற்றத்தில் நடந்தது என்ன? 625 கோடுகளை 525க்குள் நெருக்கினார்கள். 25 படங்களை 30 ஆக்க இல்லாத படங்களை இட்டு நிரப்பினார்கள். இவ்வளவும் போதாதென்று, நம் நாட்டில் மூன்று மணிநேரம் பதியும் கசெற் அங்கே சாதாரண வேகத்தில் ஏறத்தாழ இரண்டு மணிநேரமே பதியும். முழுக் கலியாணத்தையும் ஒரே கசெற்றில் அடக்க வேண்டுமானால் மெதுவேகத்தில் பதியவேண்டும்; தரம் மேலும் விழும். இல்லையேல் வெட்டவேண்டும். இப்படிக் கிடைத்த நலிந்த பிரதியை அலுமாரியில் வைத்துவிட்டு, "இங்கே ஓடாத கசெற் எதற்கு?" என்று மூலத்தைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. அதன்மேல் சினிமாப்படம் பதிந்தவர்களும் உண்டு.

"கலியாண வீடியோவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கக்கூடும். மணமக்களை விடுங்கள், அவர்களுக்குப் பின்னால் தெரிவதைப் பாருங்கள். முற்றம், கிணறு, பூவரசம் வேலி, ஓட்டுவீடு, பந்தலில் ஓடித்திரியும் பெரியவர்கள், அவர்களுடைய பேச்சு. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். திரும்பாதவர்களின் வீடுகள் கூரையிழந்து பற்றைக்குள் நிற்கின்றன. அத்தகைய வீடொன்று நிமிர்ந்து நின்ற கோலத்தை இன்று காட்டக்கூடியது அந்தக் கலியாணக் கசெற் ஒன்றுதான். நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவாயினும் பாடசாலை விளையாட்டுப் போட்டியாயினும் இதே கதைதான்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். நினைவுகூரத்தான் வேண்டும். அது பிறர் வைத்த தீ. நம் பெட்டிக்குள் பிடிக்கும் பூஞ்சணத்துக்கு யாரைக் குற்றஞ்சாட்டப் போகிறோம்?

காலம் காத்திருக்கவில்லை. வி.எச்.எஸ் கருவிகளின் கடைசி உற்பத்தியாளரான ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016இல் அத்தொழிலை நிறுத்தியது. காந்த நாடாக்களை எண்ணிமமாக்க 2025தான் காலக்கெடு என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் 2015இலேயே எச்சரித்தது. அந்த ஆண்டும் வந்துவிட்டது. நாடா தேய்கிறது; அதை ஓட்டும் கருவி அதைவிட வேகமாக அருகுகிறது.

என் மனத்தாங்கல் முதன்மையாக நம் ஊர்ச் சங்கங்களோடுதான். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று எங்கும் ஒன்றியங்கள் இருக்கின்றன. ஆண்டு விழா உண்டு, இராப்போசனம் உண்டு, தலைவரின் படத்தோடு வழவழப்பான மலரும் உண்டு. ஒரு விழாவின் மண்டப வாடகையில் நல்ல 'மல்டி சிஸ்டம்' டெக் ஒன்றையும் பதிவுக் கருவியையும் வாங்கிவிடலாம். வாரவிடுமுறையில் நான்கு இளைஞர்கள் உட்கார்ந்தால் ஓராண்டில் ஊரின் கசெற்றுகளில் பெரும்பங்கு காப்பாற்றப்படும். இதைச் செய்யாத சங்கம் ஊர்ப்பற்றைப் பற்றி மேடையில் பேசுவது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

"குடும்ப விடயங்களை ஊருக்குக் காட்டுவதா?" என்பது நியாயமான தயக்கமே. காப்பது வேறு, வெளியிடுவது வேறு. வெளியிடுவதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். காப்பதை இன்றே தொடங்கலாம். பொதுவில் வைக்கத்தக்கவற்றை, 2005 முதல் ஈழத்து எழுத்தைச் சேமித்துவரும் நூலகம் போன்ற அமைப்புகளிடம் ஒப்படைக்கலாம்.

தொடங்குவோர் கவனிக்க: மாற்றுப் பிரதியை வைத்து வேலை செய்யாதீர்கள், ஊரிலிருந்து வந்த 'பால்' கசெற்றை முதலில் தேடுங்கள். எண்ணிமமாக்கும்போதும் நொடிக்கு 25 படங்களாகவே எடுக்கச் சொல்லுங்கள். கனடாவில் இருக்கிறோம் என்பதற்காக 30 ஆக்க வேண்டாம், இன்றைய கணினி இரண்டையும் காட்டும். நாடாவில் வெண்பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். நாடா கெடுவதோடு அந்த டெக்கில் அடுத்துப் போடும் கசெற்றுக்கும் பூஞ்சணம் தொற்றும். துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கசெற்றின் முதுகிலுள்ள பதிவுத் தடுப்புச் சில்லை உடைத்துவிடுங்கள், மேற்பதிவு நேராது. இரண்டு பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். இவை யாவற்றுக்கும் முன்னதாக, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று வீட்டிலுள்ள மூத்தவரைப் பக்கத்தில் இருத்திக் கேட்டு எழுதி வையுங்கள். கசெற் இன்னும் சில ஆண்டுகள் தாங்கக்கூடும். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்களின் வயதை நீங்களே கணக்குப் பாருங்கள்.