சேலையும் அதன் படமும்
கைத்தறிச் சேலைகளைக் கைப்பேசியிற் படமெடுத்து வெளியூர்க்கு விற்கும் வழக்கம் நம் சங்கங்களிலும் பரவியுள்ளது, நன்றே. ஆயின் நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், திரும்பி வந்த சேலைகள் அலமாரித் தட்டொன்றை அடைத்திருக்கக் கண்டோம். நெசவிற் குறையில்லை, படத்தில் நிறத்தைக் கூட்டியதே குறை. இருவழித் தபாற்கூலியும் சங்கக் கணக்கில் ஏறியிருந்தது!

நிறத்தைக் கூட்டும் வசதியை அங்கத்தினர்கள் தொடவே வேண்டா என்பது நம் கருத்து. உச்சி வெயிலும் குழல்விளக்கும் ஆகா. காலை வேளையில் திண்ணை நிழலே போதும். சேலையோரத்தில் வெள்ளைத் தாளொன்றை வைத்துப் படமெடுங்கள். திருத்தும்போது அத்தாள் வெண்மையாகத் தோன்றியதும் நிறுத்திவிடுங்கள். மயில்கழுத்துச் சேலையோ வேறு வகை. பாவு ஒரு நிறம், ஊடை மற்றொரு நிறமாதலின், பார்க்கும் கோணத்திற்கேற்ப அதன் சாயல் மாறும். ஒரே படத்தில் அஃது அடங்காது. மடிப்பை இருபுறமிருந்தும் எடுத்து இரண்டையும் அனுப்புங்கள்.