சூரியனின் அலைகளைப் பார்த்துவிட்டோம், மர்மம் தீர்ந்துவிட்டதா?

2025 அக்டோபர் இறுதியில், சூரியனைப் பற்றிய 80 ஆண்டுப் புதிர் தீர்ந்துவிட்டது என்ற பொருளில் பல தலைப்புகள் வலம் வந்தன. உயர்நிலை நான்கில் படிக்கும் என் தம்பி அதை எனக்கு அனுப்பி, “அக்கா, உண்மையாகவே தீர்ந்துடுச்சா?” என்று கேட்டான். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும் எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

புதிர் இதுதான். சூரியனின் மேற்பரப்பில் வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே இருக்கும் கொரோனா என்ற மெல்லிய வெளிமண்டலத்திலோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். அடுப்பை விட்டு விலக விலகச் சூடு கூடுவது போன்றது இது. சுவீடன் விஞ்ஞானி ஹானஸ் ஆல்ஃபென், காந்தப்புலத்தின் வழியே ஒருவகை அலைகள் பரவ முடியும் என்று 1942ல் கணித்தார். கொரோனாவைச் சூடாக்குவது அவையாக இருக்கலாம் என்று 1947ல் எழுதினார். 1970ல் நோபெல் பரிசும் பெற்றார்.

ஆனால், கணிப்பது வேறு, கண்ணால் காண்பது வேறு. இந்த அலைகள் மிக வேகமானவை. சோஹோ விண்கலத்தின் கேமரா ஏறத்தாழ 12 நிமிடத்துக்கு ஒரு படம்தான் எடுத்தது. 2010ல் ஏவப்பட்ட எஸ்டிஓ விண்கலம் 12 வினாடிக்கு ஒரு படம் எடுக்கத் தொடங்கியதும், வினாடிக்குச் சுமார் 2,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காந்த அலைகள் தென்பட்டன. அந்த வேகத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஒன்றரை வினாடி போதும். 12 நிமிடத்தில் அந்த அலை சூரியனின் விட்டத்தைவிட அதிகத் தூரம் ஓடிவிடும். பழைய கேமராவில் அது சிக்காததில் வியப்பில்லை.

ஆல்ஃபென் சொன்ன அலைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காற்றில் தென்னை ஆடுவதுபோல் காந்தக் கற்றைகள் பக்கவாட்டில் ஆடினால் படத்தில் தெரியும். ஈரத்துணியைப் பிழிவதுபோல் அவை முறுக்கிக்கொண்டால் படத்தில் தெரியாது. முறுக்கும்போது ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும். மறுபக்கம் விலகிப் போகும். அதனால் ஒரு பக்கத்து ஒளி நீலத்தை நோக்கியும் மறுபக்கத்து ஒளி சிவப்பை நோக்கியும் சற்றே நகரும். டாப்ளர் விளைவுதான் இது. ஹவாயில் உள்ள, நான்கு மீட்டர் ஆடி கொண்ட டேனியல் கே. இனோவே தொலைநோக்கியால் ரிச்சர்ட் மார்ட்டன் குழுவினர் இதைத்தான் அளந்தனர். பக்கவாட்டு ஆட்டத்தைக் கழித்த பிறகு முறுக்கு மட்டும் எஞ்சியது.

பெரிய சாதனைதான். ஆனால், என் பார்வையில் “தீர்ந்தது” என்ற சொல் அவசரப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் நின்றால் அலை வருவது தெரியும். அது உடையும்போதுதான் மணல் அசையும். அதுபோல, சூரியனில் அலை இருப்பது உறுதியானாலும், அதன் ஆற்றல் எங்கே, எவ்வளவு வெப்பமாக மாறுகிறது என்பதை இன்னும் கணக்கிட வேண்டும். எண்ணற்ற நுண்வெடிப்புகளே கொரோனாவைச் சூடாக்குகின்றன என்று இயூஜீன் பார்க்கர் 1988ல் முன்வைத்த விளக்கமும் தள்ளுபடியாகவில்லை. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யலாம்.

இது நமக்கு எதற்கு? கொரோனாவின் வெப்பம்தான் சூரியக் காற்றை வெளியே தள்ளுகிறது. சூரியப் புயல்களும் அங்கிருந்தே கிளம்புகின்றன. 2024 மே மாதப் புயலின்போது அமெரிக்க விவசாயிகளின் ஜிபிஎஸ் டிராக்டர்கள் தடுமாறின. நிலநடுக்கோட்டுப் பகுதியில் மேல்வளிமண்டலம் ஜிபிஎஸ் சமிக்ஞையைச் சாதாரண நாள்களிலேயே அலைக்கழிக்கும். கப்பலும் விமானமும் நம்பியிருக்கும் சிங்கப்பூர் இதை வேடிக்கை பார்க்க முடியாது. சூரியப் புயலைச் சரியாக முன்னறிவிக்க, கொரோனா எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டும். பாதி விடையை முழு விடை என்று நம்பிவிட்டால், மீதிப் பாதியைத் தேட யார் முன்வருவார்கள்?

தம்பிக்கு இப்படிப் பதில் எழுதினேன்: “அலையைக் கண்டுபிடிச்சாச்சு. அதுதான் சூடாக்குதான்னு இன்னும் நிரூபிக்கலை.” அவன் உடனே கேட்டான்: “அப்போ அதை யார் கண்டுபிடிப்பாங்க?”

தேர்வுக்கு வராத கேள்வி. ஆனால், இதைப் படிக்கும் உங்களில் ஒருவர் அதற்கு விடை சொல்லக்கூடும்.