வால்வும் ஒளிகாலும் இருவாயியும்

பழையன யாவும் பழுதெனத் தள்ளுவோரும், புதியன யாவும் போலியென ஒதுக்குவோரும் எக்காலத்தும் உளர். இவ்விரு சாராரும் ஒரு பொருளின் தன்மையை ஆராய்ந்து முடிவு காண்பதில்லை. இதற்கோர் எடுத்துக்காட்டினை ஈண்டு நோக்குவாம். அம்பிளிபயர் என மக்கள் வழங்கும் ஒலி விரியலாக்கிகளை வால்வு கொண்டு ஆக்கி மகிழ்வோர் இன்றும் உளர். அவருட் சிலர் கதோட்டிலுள்ள தடையியை நீக்கி, எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயியை அமைக்கின்றனர். இது தகுமா?

தமிழாசிரியர்க்கு இத்துறையில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். நெய்யரி, தடையி, இருவாயி, கோடல் என நற்றமிழ்ச் சொற்கள் எம்மிடம் இருக்க, அவற்றாற் பொருளை ஆராயாது விடுதல் மொழிக்கு இழுக்கன்றோ?

வால்வு செவ்வனே இயங்க, அதன் நெய்யரி கதோட்டிலும் சிறிது தாழ்ந்த அழுத்தத்தில் நிற்றல் வேண்டும். இதுவே கோடல். கதோட்டின் கீழ் ஒரு தடையியை வைத்தால், அதனூடு பாயும் ஓட்டம் கதோட்டை உயர்த்தும். நெய்யரி தாழ்ந்து நிற்கும். ஆயின் ஒலிக்கேற்ப ஓட்டம் ஏறி இறங்கக் கோடலும் உடன் அசையும், பெருக்கம் குறையும். அக்குறை தீர மின்பகு கொள்ளளவி ஒன்றைப் பக்கத்தே இணைப்பர். அதுவோ ஆண்டுகள் செல்ல உலர்ந்து கெடும்.

1962ஆம் ஆண்டில் அமெரிக்கரான நிக் ஹொலொனியாக் செந்நிற ஒளிகாலும் இருவாயியை ஆக்கினார். அத்தகைய இருவாயி ஏறத்தாழ 1.7 வோல்ற்றில் நிலைத்து நிற்கும். ஓட்டம் சிறிது மாறினும் அது பெரிதும் மாறாது. ஆதலின் கொள்ளளவி வேண்டா. பேரொலி வந்து தாக்கிய பின்னரும் கோடல் இடம்பெயராது. இவை மெய்யான நன்மைகளே.

எனினும், எங்கும் இதனைப் புகுத்துதல் அறிவுடைமையன்று. வால்வு முதுமையுற்று ஓட்டம் தளருங்கால், தடையி தரும் கோடலும் தானே தளர்ந்து அதற்கு இடங்கொடுக்கும். இருவாயி அவ்வாறு இரங்காது. ஏறத்தாழ 1 மில்லியம்பியரே பாயும் ஈசீசீ 83 வால்வில், இருவாயியின் அகத்தடை மிகுதலால் நன்மை குறையும். 5 முதல் 10 மில்லியம்பியர் வரை பாயும் முதனிலை வால்வுகளே அதற்கு ஏற்றவை. ஈஎல் 84 போன்ற வலு வால்விலோ ஓட்டம் 50 மில்லியம்பியரை அண்மிக்கும். 20 மில்லியம்பியருக்கென ஆக்கப்பட்ட சாதாரண இருவாயி ஆண்டு கெட்டொழியும்.

ஆகவே, எமது துணிபு இது: புதிதாக ஆக்கும் கருவியில் தக்க இடமறிந்து இருவாயியை வைக்க, முன்னோர் ஆக்கிய கருவியை அதற்கெனச் சிதைத்தல் வேண்டா. பிறர் புகழுரையை நம்பாது, அளந்து பார்த்து முடிவு செய்க. மாணவர்க்கு ஒன்று கூறுவாம். அனோட்டில் 250 வோல்ற்றும் அதற்கு மேலும் நிற்கும். மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் உயிர்கொல்லும் மின் தங்கும். வல்லார் ஒருவர் அருகிலின்றித் தொடற்க.

பழமையும் புதுமையும் பகையல்ல. ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் வைக்கும் அறிவே கல்வியின் பயனாம்.