கேஸ்கட் மட்டும் மாற்றினால் போதுமா?

எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் சேத்தியாத்தோப்புச் சாலைகளில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு இரண்டாவது கியரிலேயே நகரும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்காது. பழைய வண்டிகளுக்கு இதுதான் சோதனைக் காலம். எங்கள் தெருவில் ஒரு குவாலிஸ் இப்படித்தான் சூடேறி ஹெட் கேஸ்கட் போய் நின்றது. 2000இல் வந்து, 2005இல் இன்னோவாவுக்கு வழிவிட்டு விற்பனையிலிருந்து விலகிய வண்டி. இன்னும் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

“கேஸ்கட் என்னப்பா விலை?” என்பதுதான் வண்டிக்காரர் கேட்ட முதல் கேள்வி. மெக்கானிக் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: “அண்ணே, கேஸ்கட்டு தானா போகல. சூடு ஏறித்தான் போச்சு. எதனால ஏறுச்சுன்னு பாக்காம புதுசு வச்சா, அதுவும் இதே கதிதான்.”

பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தகடு ஒரே நேரத்தில் மூன்றைப் பிரித்துவைக்கிறது: சிலிண்டருக்குள் எரியும் டீசலின் அழுத்தம், ஆயில், தண்ணீர். ஹெட் அளவுக்கு மீறிச் சூடானால் வளைகிறது. வளைந்த இடத்தில் பிடிமானம் தளர்ந்து, எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்துவிடுகிறது. ரேடியேட்டரில் குமிழி, ஹோஸ் கல்லாக இறுகுவது, வெள்ளைப் புகை, ஆயில் பால் காப்பி நிறமாவது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. கழற்றிய கேஸ்கட்டை மெக்கானிக் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு சிலிண்டர் வளையங்களுக்கு நடுவே தீக்குச்சி அகலத்துக்குக் கருகியிருந்தது. என் கண் போனதோ தண்ணீர்த் துளைகளின் மேல்தான். பாதித் துளைகள் துருச்சேற்றில் அடைத்துக் கிடந்தன.

வருஷக்கணக்கில் போர்த் தண்ணீர் ஊற்றியதன் பலன் அது. அந்தத் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிவாக இறுகிவிடும். வெளிப்பக்கம் நெல் அறுவடைத் தூசு அப்பிக்கொள்ளும். ஆகவே உதிரிபாகப் பட்டியலை ரேடியேட்டரிலிருந்துதான் எழுத ஆரம்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்வதா, புதிது வாங்குவதா? வாட்டர் பாடி ஒழுகுகிறதா? ஃபேன் கிளட்ச் பிடிக்கிறதா? பிறகு ரேடியேட்டர் மூடி. இருப்பதிலேயே மலிவான சாமான், யாரும் மதிப்பதில்லை. ஆனால் அதன் ஸ்பிரிங் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 118 வரை தாங்கும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?” என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். பல இன்ஜின்களில் சூடானதும் பைபாஸ் பாதையை அடைப்பதும் அதே தெர்மோஸ்டாட்தான். அது இல்லாவிட்டால் கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள் திரும்பிவிடும். குளிரட்டும் என்று செய்ததே சூட்டைக் கூட்டுகிறது. எடுத்திருந்தால், சரியான டிகிரி உள்ளதை வாங்கித் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

இப்போது கேஸ்கட்டுக்கு வரலாம். கம்பெனி பெட்டியில் வருவதுதான் வேண்டும் என்பதில்லை. 1956இல் தொடங்கிய நம் நாட்டு டால்ப்ரோஸ், 1879இல் தொடங்கிய ஜெர்மனியின் எல்ரிங் போன்றவை கேஸ்கட்டையே தொழிலாகக் கொண்டவை. பயப்பட வேண்டியது, அந்தப் பெயர்களை அச்சடித்து வரும் போலிப் பெட்டிகளுக்குத்தான். விலை கூடியதே நல்லது என்றும் எடுத்துவிடக் கூடாது. பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டுக்கு ஹெட்டும் பிளாக்கும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். அரிப்புக் குழி விழுந்த பழைய பிளாக்கில், கிராஃபைட் கலந்த சாதாரண வகை சில சமயம் நன்றாகப் படிந்து உட்காரும். எந்த வகைக்கு உங்கள் இன்ஜின் இடம் கொடுக்கும் என்பதை ஸ்கேலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். அதனால் ஹெட் லேத்துக்குப் போய் வரும் முன் கேஸ்கட் வாங்காதீர்கள்.

இன்னொன்று, தடிமன். பல டீசல் இன்ஜின்களுக்குக் கேஸ்கட் மூன்று தடிமன்களில் வருகிறது. ஓரத்தில் உள்ள வெட்டுகளோ துளைகளோ எழுத்தோ அதற்கு அடையாளம். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்து தேர்ந்தெடுக்க வேண்டிய விஷயம் இது. “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று சொல்லும் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

டிகிரிக் கணக்கில் முறுக்கி இறுக்கும் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இழுபட்டவை. மேனுவல் புதிது போடச் சொன்னால் போட்டுவிட வேண்டும். குவாலிஸில் ஹெட்டைத் தூக்க டைமிங் பெல்ட்டை எப்படியும் கழற்ற வேண்டும். பெல்ட்டுக்கு வயதாகியிருந்தால் கையோடு மாற்றிவிடலாம், தனியாக இன்னொரு கூலி வேண்டாம். ஹெட்டில் விரிசல் கண்டு சென்னை புதுப்பேட்டையில் பழைய ஹெட் எடுப்பதானால், பிரஷர் டெஸ்ட் செய்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மிகப் பழைய வண்டிகளின் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைச் சுரண்டும் பையன்களை உலர்ந்த தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள், ஈரப்படுத்திச் சுரண்டட்டும். சுரண்டியது முடிந்தாலும் பழைய கேஸ்கட்டைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். கடைக்கு எடுத்துப்போய், புதியதன் மேல் வைத்து, ஒவ்வொரு துளையாகப் பொருத்திப் பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள்.