நம்மவர்கள் இருக்கும் கல்லூரியா, பிள்ளைக்கு ஏற்ற கல்லூரியா?

கல்லூரித் தேர்வு குறித்து, கொல்கத்தா லேக் மார்க்கெட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் எங்கள் சங்கம் வெளியிடும் நிலைப்பாட்டு அறிக்கை

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் எங்களிடம் யோசனை கேட்க வரும் பெற்றோர் பலர், பாடத்தைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் பேசுவதற்கு முன்பே, "அந்தக் காலேஜ்ல நம்ம மனுஷா யாராவது இருக்காளா?" என்று கேட்டுவிடுகிறார்கள். கூட வரும் பிள்ளை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. தனியாகப் பேச்சுக் கொடுத்தால் மெதுவாக வருகிறது: "எனக்கு அங்க செட் ஆகுமா அங்கிள்?"

பெற்றோரின் கேள்வியை வைத்து ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதோ ஒதுக்குவதோ தவறு என்பது எங்கள் சங்கத்தின் முடிவான கருத்து. பிள்ளையின் கேள்வியைச் சிரித்துத் தள்ளுவதும் அதே அளவுக்குத் தவறு. கல்லூரியில் தனியாகிவிடுவோமோ என்று பதினெட்டு வயதில் வரும் பயம் உண்மையானது. அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். போய் விசாரித்துத் தீர்க்கக்கூடியவை அதில் நிறைய இருக்கின்றன. கேட்காமலே விட்டுவிட்டு, அதற்கு மருந்தாக "நம்மவர்களை"க் கொடுப்பதைத்தான் நாங்கள் மறுக்கிறோம்.

இந்த வட்டாரத்தில் இதைச் சொல்வது எளிதல்ல, காரணமும் எங்களுக்குத் தெரியும். லேக் மார்க்கெட் தமிழர் குடியிருப்பாக ஆனதே சேர்ந்திருக்கும் ஆசையால்தான். ஏஜி ஆபீஸ், ரயில்வே, வெள்ளைக்காரக் கம்பெனிகள் என்று வேலைக்கு வந்த குமாஸ்தாக்களும் கணக்கர்களும் ஸ்டெனோக்களும் ராஷ்பிஹாரி அவென்யூவைச் சுற்றி வாடகைக்கு வீடு பிடித்தார்கள். வாழையிலையும் முருங்கைக்காயும் மல்லிகைப்பூவும் காப்பிப்பொடியும் கிடைக்கும் சந்தை உருவானது. மெஸ், கோயில், கச்சேரி எல்லாம் அதன் பின்னால் வந்தன. ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அந்த அரவணைப்பு தேவையாக இருந்தது. இன்றும் மார்கழியில் அதன் அருமை எங்களுக்குத் தெரிகிறது.

ஆனால் இன்று கல்லூரிக்குப் போகும் பிள்ளை இங்கேயே பிறந்தது. அதன் வங்காளம் நம்முடையதைவிடச் சுத்தம். தேசப்ரிய பார்க் துர்கா பூஜைப் பந்தலில் அதற்குக் கூச்சம் கிடையாது. அதன் பயமே வேறு. எல்கேஜி முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே பள்ளி, ஒரே நண்பர்கள், ஒரே பாரா (பேட்டை). யாருக்கும் தன்னைத் தெரியாத ஓர் இடத்தில் முதல் நாள் எந்த பெஞ்சில் உட்காருவது என்பதுதான் அதன் கவலை. இந்தக் கவலை வங்காளிப் பிள்ளைக்கும் மார்வாடிப் பிள்ளைக்கும் அப்படியே இருக்கிறது. வகுப்பில் இரண்டு தமிழ்ப் பெயர்கள் இருப்பதால் அது தீர்ந்துவிடாது.

நம்மவர்கள் நடுவே இருந்தால் பத்திரம் என்ற நம்பிக்கையைப் பற்றிக் கசப்பான உண்மை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் முதன்மை ஆண்கள் விடுதியில் முதலாமாண்டு மாணவர் ஒருவர் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. ராகிங் நடந்ததாகப் புகார் எழுந்து, மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் கைது செய்யப்பட்டார்கள். அந்தப் பிள்ளை வங்காளி. படிக்க வந்தது வங்காள இலக்கியம். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் கொல்லப்பட்ட முதலாமாண்டு மாணவரும், அந்தக் கொலையைச் செய்த சீனியரும் தமிழ்நாட்டுக்காரர்கள். சொந்த மாநிலமும் சொந்த மொழியும் இந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவரையும் காப்பாற்றவில்லை. மகளையோ மகனையோ சென்னைக்கு அனுப்பினால் நிம்மதி என்று நினைப்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளைக் காப்பது விதிகளும், அவற்றை நடைமுறைப்படுத்தும் மனிதர்களும்தான். தமிழ்நாடு 1997இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது, மேற்கு வங்காளம் 2000இல். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு, சிபிஐ முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையில் 2007இல் அறிக்கை தந்தது. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2009இல் விதிமுறைகளை வெளியிட்டது. மாணவரும் பெற்றோரும் எழுதித் தரும் உறுதிமொழி, தடுப்புக் குழு, திடீர்ச் சோதனைக்குப் பறக்கும் படை, புதியவர்களுக்குத் தனி விடுதிப் பகுதி எல்லாம் அவற்றில் இருக்கின்றன. எனவே கல்லூரியில் போய்க் கேட்க வேண்டியது இதைத்தான்: முதலாமாண்டுப் பிள்ளைகள் தங்குவது எந்தக் கட்டடத்தில்? இரவில் அங்கே பொறுப்பில் இருப்பவர் யார்? படிப்பை முடித்தவர்கள் இன்னும் விடுதியில் தங்குகிறார்களா? இதற்கு முகம் சுளிக்கும் கல்லூரியில், எத்தனை தமிழர்கள் படித்தாலும், விடுதியில் சேர்க்காதீர்கள். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் பிள்ளையின் கைபேசியில் முதல் நாளே பதிவாகியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உறுதியாகச் சொல்கிறோம். சீனியர்களோடு ஒட்டிப்போவதற்காக அவமானத்தைப் பொறுத்துக்கொள் என்று எந்த வீட்டிலும் பிள்ளைக்குச் சொல்லக் கூடாது. "நாங்களும் அந்தக் காலத்துல பட்டோம்" என்று அனுபவப் பெருமை பேசும் மாமாக்களும் சித்தப்பாக்களும் அன்புகூர்ந்து இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விசாரிக்க வேண்டியவற்றில் எங்கள் வட்டாரத்தில் பலரும் கவனிக்காதது கல்லூரி நடக்கும் நேரம். ஜதின் தாஸ் பார்க் மெட்ரோ அருகில் இருக்கும் ஆசுதோஷ் கல்லூரி வளாகத்தையே பாருங்கள். காலையில் பெண்களுக்கான ஜோகமாயா தேவி கல்லூரி, பகலில் ஆசுதோஷ், மாலையில் சியாமாபிரசாத் கல்லூரி. ஒரே கட்டடம், மூன்று வேளை, மூன்று வேறு வாழ்க்கை. காலைக் கல்லூரிக்குப் போகும் பெண், வகுப்பு முடிந்ததும் அடுத்த வேளைக்காரர்களுக்கு இடம் விட்டுக் கிளம்ப வேண்டும். கேன்டீனில் உட்கார்ந்து அரட்டை அடிக்கவோ நாடகக் குழு ஒத்திகைக்கு நிற்கவோ அவளுக்கு நேரம் குறைவு. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று பெற்றோர் மகிழும் அதே காரணத்தால் அவளுக்கு நட்பு அமையத் தாமதமாகலாம். காலைக் கல்லூரி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கும், வேறு தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் அது பெரிய வரம். தெரிந்து சேருங்கள் என்கிறோம்.

தூரமும் அப்படித்தான். லேக் ரோடில் இருக்கும் சாருசந்திரா கல்லூரிக்கு நடந்தே போகலாம். பிரசிடென்சிக்குக் காளிகாட்டில் மெட்ரோ ஏறி மகாத்மா காந்தி ரோடில் இறங்க வேண்டும். நடக்கும் தூரத்தில் கல்லூரி இருந்தால் பள்ளிக்கூட நட்பு அப்படியே தொடரும், வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். கூடவே, மதியம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வதும் சுலபம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அருகிலுள்ள கல்லூரிதான் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். சில பிள்ளைகளுக்கு, திரும்பி ஓட முடியாத தூரமே உதவியிருப்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். எது எந்தப் பிள்ளைக்கு என்பதை அந்தப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கும் இது பொருந்தும். 2024 முதல் மேற்கு வங்காள அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கிறோம். கல்லூரிகளையும் பாடங்களையும் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், மதிப்பெண்ணோடு அந்த வரிசையும் சேர்ந்தே இடத்தைத் தீர்மானிக்கிறது. பல வீடுகளில் அந்த வரிசையைக் கடைசி நாள் இரவு அப்பா நிரப்புகிறார், சொந்தக்காரர் போனில் வழி சொல்கிறார், பிள்ளை பக்கத்து அறையில் இருக்கிறது. வரிசையைப் பிள்ளையே நிரப்பட்டும். அதற்கு முன் பட்டியலில் மேலே வரும் கல்லூரிகளுக்கு, விடுமுறை அல்லாத ஒரு நாளில் பிள்ளை போய் வரட்டும். வாசலில் நின்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இந்த நகரத்தில் தமிழ் மாணவர்கள், ஆய்வாளர்களின் வரலாறு பெரியது, அதை முழுதாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விருப்பம். 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த இளைஞர் சி.வி. ராமன், பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த ஆசுதோஷ் டே என்ற வங்காளி, பின்பு ஆண்டுக்கணக்கில் அவருடைய ஆய்வுத் துணையாக இருந்தார். 1920இல் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் ராமனைத் தேடி இங்கே வந்தார். 1928 பிப்ரவரி 28 அன்று அறியப்பட்ட ராமன் விளைவில் கிருஷ்ணனின் உழைப்பும் கலந்திருக்கிறது. இதை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. தென்னிந்திய மாணவர்களுக்கே ராமன் இடம் கொடுக்கிறார் என்ற மனக்குறை வங்காளிகளிடையே வளர்ந்தது. 1933இல் அவர் பெங்களூர் போனார். அதன் பிறகு கழகத்தின் நிர்வாகத்தில் வெடித்த பூசலில் அந்தக் குறையும் பேசப்பட்டது. அந்தக் குறையில் எவ்வளவு நியாயம் இருந்தது என்ற தீர்ப்புக்குள் நாங்கள் போகவில்லை. ஒரு கூட்டம் தனக்குள்ளேயே சுருங்கிவிட்டதாக மற்றவர்களுக்குத் தோன்றினால் அதற்கு விலை உண்டு. அவ்வளவு பெரிய மேதைக்கே அந்த விலை இருந்தது.

தமிழ்நாட்டில் படிக்க விரும்பும் பிள்ளைகளை நாங்கள் தடுக்கவில்லை. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டு வெளிமாநிலத்தில் படித்தவர்கள், நேட்டிவிட்டி சான்றிதழ் காட்டி அங்கே பொறியியல் கலந்தாய்வில் கலந்துகொள்ள வழி இருக்கிறது. விருப்பம் பாடத்தின் மேல் இருந்தால் தாராளமாகப் போகட்டும். "நம்ம ஊர், நம்ம பாஷை, அங்க பிரச்சினையே வராது" என்ற நம்பிக்கையில் மட்டும் அனுப்பாதீர்கள். இங்கே மெட்ராஸி என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, அங்கே போனதும் பெங்காலி என்ற பட்டப்பெயரோடு திரும்புகிறது. வீட்டுத் தமிழ் பேசும், ஆனால் பஸ் போர்டு படிக்கத் திணறும். மற்றவர்கள் கேலி செய்ய அதுவே போதும். ஒரு கோடை விடுமுறை ஒதுக்கினால் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுவிடலாம். இந்த வட்டாரத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற பெரியவர்கள் தயாராக இருக்கிறார்கள், சங்கம் அதற்கு இடம் தரும். கல்லூரிக்குப் போகும்போது அல்ல, ஒன்பதாம் வகுப்பிலேயே அனுப்புங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே படிக்க வரும் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் ஓர் உறவு உண்டு. பராநகரில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் கழகம், ஜோகா ஐஐஎம், ஜாதவ்பூர் என்று வருகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லி தேடி லேக் மார்க்கெட் வந்துவிடுகிறார்கள். வாருங்கள். முதல் மாதங்களில் ஊர் நினைவு வாட்டும்போது சாப்பிடவும் தமிழில் பேசவும் ஓர் இடம் வேண்டும். உடம்புக்கு முடியாமல் போனால் கூப்பிட ஒரு வீடு வேண்டும். அதைக் கொடுப்பது எங்கள் கடமை. ஆனால் எல்லா ஞாயிறும் இங்கேதான் என்று ஆகிவிட்டால், எங்கள் வீட்டு அம்மாக்களே அக்கறையோடு கேட்பார்கள்: "உன் ரூம்மேட்டையும் கூட்டிண்டு வரக் கூடாதோ?" அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கல்லூரிகளிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். புதிய மாணவர்களுக்கான அறிமுகத் திட்டத்தை 2019 முதல் யூஜிசி வலியுறுத்திவருகிறது. அதை ஒரு நாள் மேடைப் பேச்சோடு முடிக்காமல், முதல் வாரங்களில் பிள்ளைகளைச் சிறு குழுக்களாகக் கலந்து உட்கார வையுங்கள். மன்றங்களின் அறிவிப்புகளை வங்காளத்தோடு ஆங்கிலத்திலும் ஒட்டுங்கள். வெளியூர்ப் பிள்ளை ஆள்சேர்ப்பு முடிந்த பிறகுதான் விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் நிலை மாற வேண்டும்.

"தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏற்ற கல்லூரிகள்" என்று பட்டியல் தரும்படி எங்களிடம் கேட்கிறார்கள். தர மாட்டோம். அதற்குப் பதிலாக, கேட்பவர் விரும்பும் கல்லூரியில் இப்போது படிக்கும் ஒரு மாணவரைப் பேச வைப்போம். அவர் தமிழராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிள்ளை அவரோடு பெற்றோர் இல்லாமல் பேசலாம்.

சேர்ந்த பிறகு முதல் சில வாரங்களில் "எனக்கு யாருமே இல்லை" என்று பிள்ளை சொன்னால் உடனே கல்லூரியை மாற்ற ஓடாதீர்கள். பூஜா விடுமுறைவரை பொறுங்கள், அதற்குள் பெரும்பாலும் ஒரு நண்பராவது கிடைத்திருப்பார். ராகிங்கும் துன்புறுத்தலும் இதற்கு விலக்கு, அவற்றுக்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், வகுப்புக்குப் போகாமல் இருந்தாலும் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஓர் ஆண்டு முடிந்தும் அந்த இடம் ஒத்துவரவில்லை என்று பிள்ளை தெளிவாகச் சொன்னால், மாறும் குடும்பத்துக்குச் சங்கம் துணை நிற்கும். வேறு கல்லூரியில் இடம் தேடுவது, படித்த பாடங்களின் கிரெடிட் எவ்வளவு ஏற்கப்படும் என்று விசாரிப்பது ஆகியவற்றில் உதவ உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைக் கோயிலிலோ கச்சேரியிலோ பார்க்கும்போது "ஏன் விட்டுட்டே?" என்று யாரும் கேட்கக் கூடாது என்று எங்கள் உறுப்பினர்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறோம்.

நிர்வாகக் குழு