அளக்காததை எழுதாதீர்கள்

சிவில் படித்த பிள்ளைகள் பலர் இப்போது வேலை பார்த்துக்கொண்டே பி.எம்.பி. தேர்வுக்குப் படிக்கிறார்கள். அமெரிக்காவின் பி.எம்.ஐ. நடத்தும் தேர்வு. வளைகுடாவில் கட்டுமான மேலாளர் வேலை தேடுபவர்களுக்கு உதவுமாம். நல்லதுதான்.

35 மணி நேர வகுப்பு, 180 கேள்விகள். பேச்செல்லாம் இதைப் பற்றியே. இன்னொரு நிபந்தனையும் உண்டு: பட்டதாரி என்றால் 36 மாதம் திட்டப்பணியை முன்னின்று நடத்திய அனுபவம் வேண்டும். "குறைந்தால் சேர்த்து எழுதிக்கொள்ளலாம், சீனியர் ஒத்துக்கொள்வார்" என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். இது தப்பு.

நான் பொதுப்பணித்துறையில் குமாஸ்தாவாக இருந்தவன். அங்கே எம்-புக் என்ற அளவுப் புத்தகம் உண்டு. பக்கங்களுக்கு எண் போட்டிருக்கும். கிழிக்கக் கூடாது, அழித்து எழுதக் கூடாது, அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும். அதை நம்பித்தான் பில் பாஸாகும். கட்டிய கம்பியைக் கான்கிரீட் போடுமுன் அளந்து எழுத வேண்டும். போட்ட பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது?

அனுபவமும் அப்படித்தான். பிரெஞ்சுப் பள்ளியில் எல்லாவற்றையும் 'பர் கேர்' ஒப்பித்தவன் சொல்கிறேன்: கேள்வி பதிலை மனப்பாடம் செய்யலாம். தளம் போடும்போது மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பது சைட்டில் நின்றவனுக்கே தெரியும்.

பி.எம்.ஐ. சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுக்கிறது. மாட்டாமல் தப்பலாம். ஆனால் நாளை அந்தப் பிள்ளை பொறுப்பேற்கும் தளத்தின் கீழே ஒரு குடும்பம் படுத்துத் தூங்கும்.

ஆறு மாதம் குறைகிறதா? வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிக்கட்டும். வீட்டில் பேரப்பிள்ளை படித்தால், பாஸா என்று கேட்குமுன், எத்தனை மாதம் சைட்டில் நின்றாய் என்று கேளுங்கள்.