ஒரே கணனியில் இரண்டு குடித்தனம்



2020ஆம் ஆண்டு கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளையின் படிப்புக்கென்று பழைய மடிக்கணனியொன்றை வாங்கிய வீடுகள் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உண்டு. அவற்றில் அநேகமாக இருப்பது விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. மேலதிகத் திருத்தங்களுக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணனிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தவணை கொடுத்தது. விண்டோஸ் 11 போடலாமென்றால், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறைப் புரொசெசரும் வேண்டுமாம். அதற்காக நல்ல நிலையில் உள்ள கணனியைத் தூக்கி எறிய முடியுமா?

முடியாதவர்களுக்கு ஒரு வழி லினக்ஸ். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. கண்டியின் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கி, ‘ஹந்தான லினக்ஸ்’ என்று நம் நாட்டிலேயே ஒன்று 2010ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. இன்று வீட்டுப் பாவனைக்கு லினக்ஸ் மிண்ட், உபுண்டு ஆகியவை இலகுவானவை. பிள்ளையின் பாடசாலை வேலைக்கு விண்டோஸும் தேவையென்றால் இரண்டையும் ஒரே கணனியில் வைத்துக்கொள்ளலாம். இணையத்துக்கு லினக்ஸ், மற்றதற்கு விண்டோஸ்.

இதைக் கடையில் கொடுத்தும் செய்விக்கலாம். ஆனால் நிக்காஹ் படங்களும் நம் பெண்பிள்ளைகளின் படங்களும் உள்ள கணனியை அந்நியர் கையில் விட நம்மில் பலருக்கு மனம் வராது. “ஃபோமட் பண்ணவா?” என்று கேட்கும்போது, அர்த்தம் புரியாமல் “ஆம்” என்று சொன்னால் அத்தனையும் போய்விடும். பொறுமையிருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

இதில் ஆபத்தான கட்டம் ஒன்றேயொன்றுதான்: ஹார்ட் டிஸ்க்கைப் பிரிப்பது. ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் குறுக்குச் சுவர் எழுப்புவது போன்றது அது. சாமான்களை ஒதுக்காமல் சுவர் வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலாவது, பிரதி எடுங்கள். படங்கள், பிள்ளையின் பாடக் குறிப்புகள், ஸ்கேன் செய்த பிறப்புச் சான்றிதழ், வீட்டு உறுதி எல்லாவற்றையும் வேறோர் இடத்துக்குக் கொப்பி செய்யுங்கள். இரண்டு பிரதிகள் இருந்தால் இன்னும் நல்லது. கொப்பி ஆனது என்று நம்பிவிடாமல், வேறொரு கணனியில் போட்டு நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். லினக்ஸ் போடுவதற்குத் தயாரிக்கும் பென் டிரைவ் முழுதாக அழிக்கப்படும். எனவே பிரதி எடுத்த பென் டிரைவ் வேறு, இது வேறு. இதற்கு 8 ஜிபி போதும்.

இரண்டாவது, மின்சாரத்தைப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். மலையகத்தில் காற்றடித்து மரம் கம்பியில் விழுந்தாலும் கரண்ட் போகும். சுவர் எழும்பும் நேரத்தில் கணனி நின்றால் உள்ளிருப்பவை சிதையலாம். மடிக்கணனியென்றால் பற்றரி நிறைந்திருக்க, சார்ஜரும் மாட்டியிருக்கட்டும். மேசைக் கணனியென்றால் யு.பி.எஸ். இரவல் வாங்குங்கள். இடி மின்னல் நாளில் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, விண்டோஸைத் தயார் செய்யுங்கள். ‘பிட்லாக்கர்’ பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் கணனியை மூடினாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்திலேயே இருக்கும். அந்நிலையில் லினக்ஸ் உள்ளே கைவைப்பது நல்லதல்ல.

நான்காவது, இடத்தைப் பிரியுங்கள். விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குப் போய், ‘சி’ மீது வலப்பக்கச் சொடுக்குப் போட்டு ‘ஷ்ரிங்க் வால்யூம்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். மிண்டுக்குக் குறைந்தது 20 ஜிபி வேண்டும். 50 கொடுத்தால் நெருக்கடியில்லை. விண்டோஸுக்கும் மூச்சுவிட இடம் வையுங்கள். இரண்டுக்கும் போதாதென்றால் இந்த முயற்சியே வேண்டாம். ‘இ.எஃப்.ஐ.’ என்றும் ‘ரிகவரி’ என்றும் தெரியும் சிறு பகுதிகள் கணனி எழும்பவும் பழுது பார்க்கவும் தேவையானவை. இடம் போதவில்லையென்று அவற்றை அழித்துவிடாதீர்கள்.

பிரித்தவுடன் லினக்ஸுக்குப் போய்விடாமல், கணனியை ஒருமுறை மூடித் திறந்து, விண்டோஸ் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள்.

ஐந்தாவது, பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்குங்கள். போடுவதற்கு முன்பே அதைச் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் கேட்கிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். திருப்தியென்றால் மட்டும் போடத் தொடங்குங்கள். அப்போது ஒரு கேள்வி வரும். ‘விண்டோஸுடன் சேர்த்துப் போடு’ என்பது ஒரு தெரிவு. ‘டிஸ்க் முழுவதையும் அழித்துப் போடு’ என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை அவசரத்தில் அழுத்தினால் விண்டோஸும் போகும், படங்களும் போகும். கடைசியில், எந்தெந்தப் பகுதி மாறப்போகிறது என்று ஒரு பட்டியல் காட்டும். அதை வரி வரியாக வாசியுங்கள். ‘என்.டி.எஃப்.எஸ்.’ என்றிருப்பது விண்டோஸின் பகுதி. அதை ஃபோமட் செய்யப்போவதாகக் காட்டினால் உடனே பின்வாங்குங்கள். அதுவரை எதுவும் கெட்டுப்போகவில்லை.

எல்லாம் முடிந்த பின், கணனி எழும்பும்போது எது வேண்டும் என்று கேட்கும். விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்தியிருக்கலாம், பயப்படாதீர்கள். லினக்ஸ் கிரீன்விச் நேரத்தைக் கடிகாரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே இலங்கை நேரமென்று எடுத்துக்கொள்கிறது. நேரத்தைத் திருத்திவிட்டுத்தான் சஹருக்கு அலாரம் வையுங்கள்.

பின்னொரு நாள் லினக்ஸ் வேண்டாமென்று தோன்றினால், அதன் பகுதியை மட்டும் நேரே அழித்துவிடாதீர்கள். கணனி எழும்பாமல் நின்றுவிடக்கூடும். விண்டோஸ் முதலில் எழும்பும்படி அமைப்பை மாற்றிய பிறகே அழிக்க வேண்டும்.

எடுத்து வைத்த பிரதிகளையும் உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு மாதமாவது அலுமாரியில் இருக்கட்டும்.